அரிசி விடுபட்ட கதைச்சுருக்கம்

நலப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "மேடம், கேண்டீன் அலமாரியில இருக்கிற புத்தகத்துக்கெல்லாம் அஞ்சு வரியில கதைச்சுருக்கம் எழுதி ஒட்டணுமாம். இது ஒரு வேலையா மேடம்? ஏதாவது ரெண்டு நல்ல வார்த்தை போட்டு எழுதிடலாம்ல?" என்று கேட்டார். தாராளமாக எழுதலாம். ஆனால் ஐந்து வரிக் கதைச்சுருக்கத்தால் ஒரு தொழிற்சாலையே நின்றுபோகலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது நின்றது.

நான் நலப்பிரிவில் வேலை பார்த்த ஆலை ஒரகடத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கார்களுக்கு சீட் செய்கிறோம். ஓய்வு பெற்ற பிறகும் 'செய்கிறோம்' என்றே வாயில் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் தலைமையகம் ஒருநாள் ஒரு புகைப்படம் அனுப்பியது. அந்த ஊர்த் தொழிலாளர்கள் உணவு இடைவேளையில் சோபாவில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஆலையிலும் இப்படி இருக்க வேண்டும் என்று கீழே ஒரு வரி. உடனே கை கழுவும் இடத்துக்கும் தட்டு அடுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. உள்ளே புத்தகங்கள். சோபா வரவில்லை.

புத்தகங்களை யாரும் தொடவில்லை. ஒரே ஒருவர் சாவி கேட்டு வந்தார். உள்ளே கூடுதல் டம்ளர் இருக்கும் என்று நினைத்தாராம்.

எங்கள் ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எவன் எடுப்பான்? நீங்க தமிழ் எம்.ஏ.தானே, ஒவ்வொண்ணுக்கும் சுருக்கமா எழுதி ஒட்டுங்க" என்றார்.

நான் தமிழ் எம்.ஏ. மாதிரியே எழுதினேன். 'மனித உறவுகளின் மகத்துவத்தை உணர்த்தும் நூல்.' 'வாழ்வின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் படைப்பு.' 'ஒவ்வொரு பக்கமும் ஒரு புதிய அனுபவம்.' அலமாரி முழுக்க இப்படி அட்டைகள். ஒருமுறை கண்ணாடி துடைக்க வந்தவர்கள் எல்லா அட்டைகளையும் எடுத்துவிட்டு, துடைத்து முடித்ததும் கைக்கு வந்தபடி திரும்ப ஒட்டிவிட்டார்கள். பல வாரங்களாக அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஒருநாள் தற்செயலாகப் பார்த்தால், 'வாழ்வின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் படைப்பு' என்ற அட்டை, ஆழ்துளைக் கிணறு போடுவது எப்படி என்ற புத்தகத்தின் மேல் இருந்தது. அங்கேதான் அது மிகப் பொருத்தமாகவும் இருந்தது.

எந்தப் புத்தகத்தின் மேலும் ஒட்டலாம் என்றால் அது கதைச்சுருக்கம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவைப்பட வேண்டாம்.

பிறகு எப்படி எழுதுவது? அதைக் கம்பெனி பஸ்ஸில் கற்றேன். பூந்தமல்லியில் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்காரும் தையல் பிரிவு சூப்பர்வைசர் அம்மாள் ஒரு சீரியல் விடமாட்டார். நான் தவறவிட்ட எபிசோடை அவரிடம்தான் கேட்பேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். "அவ சொத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட ஒத்துகினா. ஆனா மாமியார் பேனாவ ஒளிச்சு வெச்சுட்டா. ஏன்னு கேளு." அவ்வளவுதான். யார், அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது. மகத்துவமும் இல்லை, ஆழமும் இல்லை. ஆனால் அன்று முழுக்க அந்த மாமியார் பேனாவை ஏன் ஒளித்தாள் என்று எனக்கு மண்டை குடையும்.

நானும் அப்படியே எழுத ஆரம்பித்தேன். சாப்பாட்டு வரிசை சாம்பாரிலிருந்து மோருக்கு நகரும் நேரத்தில் படித்துவிடக்கூடிய அளவில் எழுதினேன். முடிவைச் சொல்வதில்லை. புத்தகங்கள் அலமாரியை விட்டு வெளியே போகத் தொடங்கின. சில திரும்பி வரவே இல்லை. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவு பாஸ்கரன் வந்தார். ஆலைக்குள் ஒட்டப்படும் எந்தக் காகிதமும் கம்பெனியின் அதிகாரபூர்வப் படிவத்தில்தான் இருக்க வேண்டும், சீல் இருக்க வேண்டும், தகவல் பலகையில்தான் ஒட்ட வேண்டும் என்று தணிக்கையில் சொல்லிவிட்டார்களாம். பாஸ்கரன் கெட்டவர் இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் பதிப்பு எண் போட்டு அச்சடித்தவர். அவ்வளவுதான்.

"இனிமே நீங்க எழுதிக் குடுங்க மேடம், நான் படிவத்துல ஏத்தி ஒட்டிடறேன்" என்றார். கொடுத்தேன்.

முதலில் கொடுத்தது ஒரு நாவல். பெயரைச் சொல்ல மாட்டேன், அதை எழுதியவர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஒரு கிராமத்து அரிசி ஆலையைப் பற்றிய கதை. என் சுருக்கம் 'அரிசி ஆலை மூடப்படுகிறது' என்று தொடங்கும். அன்று நான் வேறொரு வேலையாக வெளியே போயிருந்தேன். மதியம் திரும்பி வந்தபோது கேண்டீன் வாசலில் கூட்டம். தகவல் பலகையில், கம்பெனி பெயர் அச்சிட்ட தாளில், கீழே நலப்பிரிவின் சீலோடு, இது இருந்தது:

'அறிவிப்பு. ஆலை மூடப்படுகிறது. முதலாளி ஊரில் இல்லை. கணக்கர் ஏகாம்பரத்துக்கு மட்டுமே விஷயம் தெரியும். சொன்னால் இத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் நாளை அவர் யார் முகத்தில் விழிப்பது? மகளின் நிச்சயதார்த்தம் வேறு நெருங்குகிறது.'

படிவத்தில் தலைப்புக்கு 'அறிவிப்பு' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. புத்தகத்தின் பெயருக்கு இடமே இல்லை. அதனால் பாஸ்கரன் அதை ஆவண எண்ணாக மாற்றி மூலையில் போட்டுவிட்டார். 'அரிசி'யைக் காணோம். அந்தப் பதற்றத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் எம்.டி. அந்த வாரம் உண்மையிலேயே ஊரில் இல்லை. எங்கள் கணக்குப் பிரிவில் உண்மையிலேயே ஒரு ஏகாம்பரம் இருந்தார். காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் ஏகாம்பரம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகளும் இருந்தாள்.

சிரிக்காதீர்கள். அந்தச் சாலையில் ஆலைகள் மூடப்பட்டதைக் கேள்விப்பட்டவர்கள் அவர்கள். எந்த ஆலையும் நல்ல முறையில் சொல்லிவிட்டு மூடியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

கையில் சாப்பாட்டுத் தட்டோடு வெல்டிங் பிரிவு டில்லிபாபு என்னிடம் வந்தார். மண்ணூர்க்காரர், ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். "இன்னா மேடம் இது? உங்க டிபார்ட்மென்ட் சீல் போட்டுகீது. எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா? வூட்ல போய் நான் இன்னா சொல்றது?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னால் ஒரே சத்தம். கணக்குப் பிரிவு ஏகாம்பரம் தயிர் வாங்க வந்திருக்கிறார். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"சார், உங்களுக்கு மட்டும் தெரியுமாமே, சொல்லுங்க சார்."

"என்ன தெரியும்?"

பலகையைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியும்னுதான் போட்டிருக்கு. ஆனா எனக்கு யாரும் சொல்லலியே!" என்றார். பிறகு மெல்ல, "ஒருவேளை மெயில் வந்திருக்குமோ?" என்று சொல்லிவிட்டுத் தயிர்க் கிண்ணத்தோடு தன் அறையைப் பார்த்து ஓடினார்.

அவர் ஓடியதைப் பார்த்ததும் நம்பாதவர்களும் நம்பிவிட்டார்கள்.

தையல் பிரிவில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பேச்சியம்மாள். பென்னலூரில் ஒரு விடுதியில் தங்கி வேலை பார்த்தாள். அவள் அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டாள். "எப்பா, மூடப்போறாவளாம்ப்பா" என்று அவள் அழுதது எனக்குக் கேட்டது. அவளைப் பார்த்து இன்னும் பலர் போனை எடுத்தார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. யாரும் லைனுக்குப் போகவில்லை.

நம் தொழிலில் இது என்ன ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாம் அனுப்பும் சீட், அதை வாங்கும் கார் ஆலையில் இறங்கும்போது அதற்கான கார் அங்கே வந்து நின்றுகொண்டிருக்கும். நாம் நின்றால் அவர்களும் நிற்பார்கள். அவர்கள் நின்றால், அடுத்த மாடலுக்கு சீட் செய்ய வேறு ஆலையைத் தேடிக்கொள்வார்கள். பலகையில் இருந்தது பொய். ஆனால் சாயங்காலம் வரை விட்டிருந்தால் அது உண்மையாகியிருக்கும்.

மேலாளர் ஓடி வந்தார். "முதல்ல அதைக் கிழிச்சுப் போடுங்க!"

"வேண்டாம் சார். இப்ப கிழிச்சா, மறைக்கிறாங்கன்னுதான் நினைப்பாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன். நான் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. அவருக்கும் வேறு யோசனை இல்லை போல.

அலமாரியைத் திறந்து நாவலை எடுத்தேன். பஸ் புறப்படும் நேரம் சொல்வதற்காகக் கேண்டீனில் ஒரு மைக் உண்டு. அதன் முன்னால் நின்று, "இது அறிவிப்பு இல்லை, இந்தப் புத்தகத்தோட கதைச்சுருக்கம்" என்று சொன்னேன். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

யாரும் அசையவில்லை. டில்லிபாபு புத்தகத்தை வாங்கி அங்கங்கே புரட்டினார். "புக்கு கீது மேடம், இல்லேங்கல. ஆனா அதே பேரு, அதே வேல, அதே பொண்ணு. மொதலாளி ஊர்ல இல்லாததுகூட அப்டியே கீது. நம்ம கதையத்தான் எவனோ எழுதிகிறான்."

"இது எழுதின காலத்துல நம்ம ஆலையே இல்லைப்பா."

"செரி, கதைன்னே வெச்சுக்குவோம். முடிவு இன்னா? அந்த ஆலைய மூடுறாங்களா இல்லியா? அத்த சொல்லுங்க, நாங்க போறோம்."

கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. "முடிவச் சொல்லுங்க மேடம்!"

மேலாளர் என் காதருகே வந்து, "திறந்துடறாங்கன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் போனஸ் குடுக்கறாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

நான் அந்த நாவலைப் படித்தவள். அதில் ஆலை திறக்காது. திறக்கிறது என்று சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் கூட்டத்தில் ஒருவராவது புத்தகத்தை எடுத்துப் படிப்பார். அதன் பிறகு நலப்பிரிவின் சீல் போட்ட எதையும், தடுப்பூசி முகாம் அறிவிப்பைக்கூட, யாரும் நம்ப மாட்டார்கள். திறக்காது என்று உண்மையைச் சொன்னால் அந்த நிமிடமே கேட் வரை ஒரே ஓட்டமாகிவிடும். மேலாளர் என்னைப் பார்க்கிறார், ஆயிரம் முகங்கள் என்னைப் பார்க்கின்றன. சுருக்கத்தால் வந்த வினையை இன்னொரு சுருக்கத்தால் தீர்க்க முடியாது என்று மட்டும் தோன்றியது. டில்லிபாபு கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தை மைக்கில் வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்தில் மழை வரப்போகிறது. ஆலை முற்றத்தில் அவித்த நெல் காய்கிறது. வேலை செய்யும் எட்டுப் பேரும் துடைப்பமும் கூடையுமாக ஓடி வந்து வாருகிறார்கள். கணக்கர் ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் வாருகிறார். நடுவில் முதலாளி வீட்டு ஆடு புகுந்து நெல்லைத் தின்கிறது. யாருக்கும் அதை விரட்டத் தைரியம் இல்லை.

"நெல்லா?" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

"ஆடா?" என்று இன்னொன்று.

டில்லிபாபு கையை உயர்த்தினார். "மேடம், நிறுத்துங்க. இது ரைஸ் மில்லா?"

"ஆமாம்ப்பா. அரிசி ஆலை."

"அத்த மொதல்லியே போட்டா இன்னா?"

"நான் போட்டுத்தான் குடுத்தேன்."

எல்லோரும் பாஸ்கரனைப் பார்த்தார்கள். அவர் தூணோரமாக நின்றிருந்தார். "படிவத்துல அந்தக் கட்டம் சின்னது மேடம். முதல் வரி அடங்கல. அர்த்தம் மாறாம ஒரு வார்த்தை குறைக்கணும். அதான் அரிசியை எடுத்துட்டேன்" என்றார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு கேண்டீனே சிரித்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து, "அரிசியை எடுத்துட்டா அப்புறம் இன்னாத்த ஆக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பயந்து போயிருந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும். கொஞ்சம் அழுகை கலந்திருக்கும்.

அப்போதும் அவர்கள் போகவில்லை. ஆடு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமாம். மேலாளர் மைக்கைப் பிடித்து, நாளை மதியம் அடுத்த பக்கம் வாசிக்கப்படும் என்று கம்பெனி சார்பில் உறுதியளித்த பிறகுதான் லைன் ஓடியது. சீட் வண்டிகள் தாமதமாகப் புறப்பட்டன. ஆனால் அங்கே எந்தக் காரும் சீட் இல்லாமல் நிற்கவில்லை. மயிரிழையில் தப்பித்தோம்.

இனி உங்களுக்கான பாடம். சுருக்கும்போது எந்தச் சொல்லை எடுக்கலாம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். எதை எடுத்தால் கதை வேறு யாருடையதாகவோ மாறிவிடும் என்று நீங்கள் பாருங்கள். எங்கே நடக்கிறது, யாருக்கு நடக்கிறது என்பது அலங்காரம் இல்லை. நீங்கள் எழுதியது சுவரில் ஏறிய பிறகு, கையில் தட்டோடு வரிசையில் நின்று, ஒன்றும் தெரியாதவர் போல ஒருமுறை படித்துவிடுங்கள்.

தலைமையகம் அறிக்கை கேட்டது. எந்தக் கோளாறு நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கம் நமக்கு உண்டே. பாஸ்கரன்தான் நிரப்பினார். லைன் ஏன் நின்றது? ஆலை மூடப்படுவதாகத் தொழிலாளர்கள் நினைத்தார்கள். ஏன் நினைத்தார்கள்? அப்படி எழுதியிருந்தது. ஏன் எழுதியிருந்தது? நாவலில் அந்த ஆலை மூடப்படுகிறது. ஏன் மூடப்படுகிறது? முதலாளியின் மைத்துனர் கடன் வாங்கிவிட்டார். ஏன் கடன் வாங்கினார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பாஸ்கரன் நாவல் முழுவதையும் படித்தார். மைத்துனரின் சிறுவயது ஏக்கங்கள்தான் மூல காரணம் என்று எழுதி அனுப்பினார். தலைமையகம் அதை ஏற்றுக்கொண்டது.

தடுப்பு நடவடிக்கையாக, எல்லாக் கதைச்சுருக்கங்களின் கீழும் 'மேற்கண்டவை எமது நிறுவனத்துக்குப் பொருந்தாது' என்று அச்சிட உத்தரவு வந்தது. சமையல் புத்தகத்துக்கும் அச்சிட்டார்கள். வத்தக்குழம்பு எங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வருஷம் பலகையில் இருந்தது. கேண்டீன் காண்டிராக்டர் மட்டும் மனம் புண்பட்டார்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. லைன் ஓட ஆரம்பித்த பிறகு, அன்றைய ஷிப்ட் முடிந்ததும் அவள் என் அறைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "மேடம், எங்கப்பா கெளம்பி வரச் சொல்லுதாவ. கதைதாம்ப்பான்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்த பேசுங்க மேடம்" என்று போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அய்யா, ஆலை மூடலை. அது ஒரு நாவல்" என்றேன்.

"நாவப்பழமா?"

"இல்லைங்க, கதைப் புத்தகம். கதை."

"கதைன்னுதான நானும் சொல்லுதேன். கம்பெனிக்காரங்க விடுத கதை. மூடுதவன் என்னைக்கி மூடுதேன்னு சொல்லியிருக்கான்? ஏளா பேச்சி, சாமானெல்லாம் கட்டிட்டு பஸ் ஏறு. உங்க அத்தை வேற மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கா. இதான் சாக்கு, வந்துரு."

என் பதவியைச் சொன்னேன், கம்பெனியின் நிலைமையைச் சொன்னேன். மறுமுனையில் அவர் மகளுக்கு பஸ் நேரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பேச்சியம்மாள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எப்பா, கேளுங்க. ஒரு ஊர்ல ஒரு ரைஸ் மில்லு. அதுல கணக்கு எழுதுதவரு ஏகாம்பரம். மில்ல மூடப்போறாவன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும். கூட வேல பாக்குதவங்ககிட்ட சொல்லிரணும்னு நெனைக்காரு. ஆனா சொல்ல முடியல."

"ஏன் முடியல?"

"அவரு மக நிச்சயம் நிக்கிதுல்லா. மாப்பிள்ளை அதே மில்லுலதான வேல பாக்கான். மில்லு இல்லன்னா மாப்பிள்ளைக்கு வேல இல்ல."

அந்த மாப்பிள்ளை நாவலில் அந்த மில்லில் வேலை பார்க்கவில்லை. அவள் அங்கேயே நின்ற இடத்தில் சேர்த்தது. நான் திருத்தவில்லை.

மறுமுனையில் அவர் யோசிப்பது கேட்டது. ஏதோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஒரு கோழி கத்தியது.

"பொறவு?" என்றார்.

"பொறவு தெரியலப்பா. இன்னும் படிக்கல."

"படிக்காம என்ன கதை சொல்ல வந்துட்ட? மகட்ட சொல்லுதானா இல்லியா அந்த மனுசன்?"

"படிச்சாத்தான தெரியும்."

"அப்ப படிச்சிட்டுச் சொல்லு."

"நான் ஊருக்கு வரணுமாப்பா?"

"எதையும் அரைகுறையா விட்டுட்டு வராத. படிச்சு முடிச்சிட்டு வா."

போன் வைக்கப்பட்டது. அலமாரிக்குப் போய் நாவலை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் புரட்டவில்லை. விரலிடுக்கில் பிடித்து அதன் தடிமனைப் பார்த்தாள்.

"மேடம், இதைவிடப் பெருசா ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.